தாத்தா வாசிச்ச பழைய யூஃபோனியம்: பிஸ்டனும் அடி மூடியும் எங்கயாவது கிடைக்குமா?

பரண்சாமான்

எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தா நாகர்கோவில் பக்கம் ஒரு பேண்டு செட்ல முப்பது வருசத்துக்கு மேல யூஃபோனியம்ங்கற பெரிய பித்தளை ஊது வாத்தியம் வாசிச்சவரு. கல்யாணம், சாவு, கோயில் கொடை, சர்ச் திருவிழா, டிசம்பர் வந்தா கேரல் ரவுண்டுன்னு அவரு போகாத தெரு கிடையாது. அவரு போனப்புறம் பத்து வருசமா பரண்ல கெடந்ததை போன மாசம் எறக்கினேன். பெல்லுல, அதான் அகலமான வாய்ப்பக்கம், "பூசி அண்ட் ஹாக்ஸ், லண்டன்"னு பொறிச்சிருக்கு, கூடவே "இம்பீரியல்"னு இருக்கு. முன்னாடி மூணு வால்வு, பக்கவாட்டுல இடது கையால அமுக்குற மாதிரி நாலாவது ஒண்ணு, பின்பக்கம் குட்டிக் குட்டியா எதுக்குன்னே தெரியாத சுருள் குழாய் வேற.

இப்ப பிரச்சினை என்னன்னா 3வது வால்வு பாதியில நின்னுருது, அமுக்கினா போகுது, திரும்பி வர மாட்டேங்குது. இங்க காட்டினதுக்கு வால்வுக்குள்ள மேலயும் கீழயும் போற பிஸ்டன் வளைஞ்சிருச்சு புதுசு போடணும்னாங்க. 4வது வால்வுக்கு அடி மூடியே இல்ல, தாத்தா ஒரு தகர மூடியை வச்சு துணியால கட்டித்தான் ஓட்டியிருக்காரு. ஸ்பிரிங் நாலும் நாலு விதம். வாய் வச்சு ஊதுற மவுத்பீஸ் ஆடுது, பேப்பர் சுத்தித்தான் சொருகுறேன். கீபோர்டோட வாசிச்சா சுருதி வேற ஒரேயடியா மேல நிக்குது.

ஆன்லைன்ல ஒரு கடையில "யூஃபோனியம் பிஸ்டன் செட், எல்லா மாடலுக்கும் பொருந்தும்"னு போட்டிருந்தான், நம்பி 3,800 ரூபா கட்டி வரவச்சேன். நாலுல மூணு உள்ளயே போகல, ஒண்ணு மட்டும் போச்சு, அது லொடலொடன்னு கெணத்துல வாளி விட்ட மாதிரி இறங்குது. திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டான். இதுக்கு ஒரிஜினல் பார்ட்ஸ் எங்க கிடைக்கும், வேற எந்த கம்பெனி பார்ட்ஸ் செட் ஆகும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ். விக்கிற ஐடியா இல்ல, இந்த கிறிஸ்மஸுக்கு வாசிக்கணும்.

பித்தளைப் பைத்தியம்

தம்பி, மொதல்ல அந்த 3,800ஐ மறந்துரு. பிஸ்டன்ங்கறது பல்பு மாதிரி கழட்டி மாட்டுற சாமான் இல்ல. ஒவ்வொரு பிஸ்டனையும் அது போற கூட்டுக்குள்ளயே, அதான் வால்வோட வெளிக் குழாய்க்குள்ளயே வச்சு தேய்ச்சு தேய்ச்சு செட் பண்ணியிருப்பாங்க. பிஸ்டனுக்கும் கூட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி ஒரு தலைமுடி தடிமன்ல பாதிதான் இருக்கும். அதே கம்பெனி, அதே மாடல், அதே வருசத்து யூஃபோனியத்துலருந்து எடுத்தா கூட அப்படியே ஒக்காரும்னு சொல்ல முடியாது, ஒண்ணு இறுகும் இல்ல காத்து ஒழுகும். "எல்லா மாடலுக்கும் பொருந்தும்"னு எழுதியிருந்தாலே ஓடிறணும்.

அதுவும் உன்னுது காம்பென்சேட்டிங் சிஸ்டம். பூசி கம்பெனில இருந்த பிளெய்க்லிங்கறவரு 1874ல பேட்டன்ட் எடுத்தது. நீ எதுக்குன்னே தெரியலன்னு சொன்ன அந்த குட்டி சுருள்தான் அது. 4வது வால்வை அமுக்கினா காத்து ஒரு சுத்து போயிட்டு திரும்பவும் மூணு வால்வுக்குள்ளயே ரெண்டாவது தடவை நுழையும், அப்ப கூட எதை அமுக்குறியோ அதோட குட்டி சுருளும் சேந்து நீளம் சரியாகி சுருதி நிக்கும். அதனால இந்த பிஸ்டன்ல ஓட்டை ரெண்டு மடங்கு இருக்கும், உயரமும் ஜாஸ்தி. சாதா யூஃபோனியம் பிஸ்டன் அளவு பொருந்தினாலும் ஓட்டை பொருந்தாது, ஊதினா சுவத்துல ஊதுற மாதிரிதான்.

சரி, இப்ப நான் கேக்குறதுக்கு பதில் சொல்லு. பிஸ்டன் வளைஞ்சிருச்சுன்னு எப்படி முடிவு பண்ணாங்க? என் அனுபவத்துல பத்துல எட்டு தடவை பிஸ்டன் நல்லாத்தான் இருக்கும், கூடுதான் நசுங்கியிருக்கும். வீட்லயே பாக்கலாம். பிஸ்டனை வெளிய எடுத்து மண்ணெண்ணெய்ல கழுவி நல்லா துடைச்சிட்டு, மார்க்கர் பேனாவால சுத்தி லேசா மை பூசு. காஞ்சதும் ஒரே ஒரு தடவை உள்ள விட்டு எடு, திருகாத. ஒரு பக்கம் மட்டும் நீளமா கோடு மாதிரி மை அழிஞ்சிருந்தா கூடு ஒரு எடத்துல உள்ள தள்ளியிருக்கு, பிஸ்டன் அதைத் தாண்டிப் போறப்ப உரசின தடம்தான் அது. கோடா இல்லாம ஒரே எடத்துல மட்டும் அழிஞ்சிருந்தா அப்ப பிஸ்டன்லயே கோளாறு இருக்கலாம்.

இன்னொண்ணு, நாலு பிஸ்டன்லயும் ஏதாவது நம்பர் அடிச்சிருக்கான்னு பாரு. கூட்டுல சீரியல் நம்பர் இருக்கும், பிஸ்டன்லயும் அதோட கடைசி எண்கள் இருந்துச்சுன்னா அதெல்லாம் பொறந்த வீட்டு சாமான். வேற நம்பர் இருந்தா எப்பவோ யாரோ மாத்தியிருக்காங்க.

தாத்தா என்ன எண்ணெய் விட்டாரு? தேங்காயெண்ணெய்யா? கேக்குறதுக்கு காரணம் இருக்கு.

பரண்சாமான்

தேங்காயெண்ணெய்தான் அண்ணா, எப்படி கண்டுபுடிச்சீங்க! வருசா வருசம் புளி போட்டு தேய்ப்பாரு, அதும் ஞாபகம் இருக்கு.

பித்தளைப் பைத்தியம்

கன்னியாகுமரி ஜில்லா வாத்தியம் எது வந்தாலும் அந்த வாசம்தான் வரும் தம்பி, தப்பா எடுத்துக்காத. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்கு கீழ போனா கெட்டியாயிரும், மார்கழி விடியக்காலை கேரலுக்குப் போறப்ப வால்வு நிக்கும், அப்புறம் வெயில் ஏறினதும் சரியாயிரும், ஏதோ பேய் புடிச்ச மாதிரி இருக்கும். வருசக் கணக்குல விட்டா பழுப்பா பிசின் மாதிரி படிஞ்சு எச்சிலோட சேந்து பச்சை புடிக்கும். வால்வ் ஆயில் ஒரு பாட்டில் வாங்கு, அதுல கஞ்சம் பண்ணாத.

புளி வெளிப்பக்கத்துக்கு பரவால்ல, ஊற வைக்காம தேய்ச்சு உடனே கழுவினா சரி. பிஸ்டன் பக்கம் புளியும் வேண்டாம் பாலிஷும் வேண்டாம். பாலிஷ்ல இருக்குற பொடி உள்ள போச்சுன்னா அதுவே அரம் மாதிரி தேய்க்கும், அப்புறம் அந்த தலைமுடி கணக்கெல்லாம் போச்சு.

லேத்துக்காரன் கோவை

நான் வாத்தியம் வாசிக்கிறவன் இல்லைங்க, எங்க பட்டறைக்கு ஒரு சர்ச் பேண்டுக்காரங்க வந்து வந்து இந்த வேலை பழகிருச்சு, அதனால மூடியப் பத்தி மட்டும் சொல்றேனுங்க.

அடி மூடிய கடையில தேடவே தேடாதீங்க, கடைஞ்சுக்கலாம். ஆனா மரை என்னன்னு பாக்காம கடையக் கூடாது. பழைய இங்கிலீஷ் சாமான்ல விட்வொர்த் மரை வரும், அதுல மரைப் பல்லோட கோணம் 55 டிகிரி. மெட்ரிக் 60 டிகிரி. பித்தளைக் குழாய்க்குன்னே இஞ்சுக்கு 26 மரைன்னு ஒரு பிரிட்டிஷ் கணக்கு இருந்துச்சு, அத மில்லிமீட்டர்ல போட்டா பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இருக்குற தூரம், 0.977 வருமுங்க. இங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. 1 எம்எம் பிட்ச்ல கடைஞ்ச மூடி அதுல ரெண்டு சுத்து அழகா ஏறும், ஆஹா செட் ஆயிருச்சும்பாங்க, அப்புறம் கவ்வும், ரிஞ்ச் போட்டு திருகினா கூட்டோட மரையும் போச்சு. மூடி போனா வேற கடையலாம், கூட்டு மரை போனா என்ன பண்ணுவீங்க? நான் 26தான்னு சொல்லலைங்க, மரை கேஜ் வச்சு பாத்துட்டு சொல்லுங்கன்னு சொல்றேன். கேஜ் லைட்டுக்கு நேரா புடிச்சா நடுவுல வெளிச்சமே தெரியக்கூடாது.

அதவிட சுலபமா ஒண்ணு: முன்னாடி மூணு வால்வோட அடி மூடில ஒண்ணைக் கழட்டி 4வதுல கையாலயே மெதுவா ஏத்திப் பாருங்க. முழுசா ஏறுச்சுன்னா அதையே சாம்பிளா கொண்டாங்க. ஸ்பிரிங் அடி மூடியிலயா ஒக்காருது?

பரண்சாமான்

ஆமாங்க, ஸ்பிரிங் பிஸ்டனுக்கு கீழதான் இருக்கு. அதான் மூடி இல்லாம தகரத்தை வச்சு கட்டியிருக்காரு போல.

லேத்துக்காரன் கோவை

அப்ப மூடியோட உள்பள்ளம் ரொம்ப முக்கியமுங்க. அது ஒரு எம்எம் கூடக் கொறைய இருந்தாலும் ஸ்பிரிங் அழுத்தம் மாறி அந்த ஒரு விரலுக்கு மட்டும் பாரமா இருக்கும். நடுவுல ஓட்டை இருக்கான்னு பாத்து அதையும் அதே அளவுல போடச் சொல்லுங்க, இல்லாட்டி பிஸ்டன் இறங்கறப்ப அடியில காத்து அடைச்சு சைக்கிள் பம்ப் மாதிரி திருப்பித் தள்ளும். நான் மொத தடவ ஓட்டை போடாமத்தான் கடைஞ்சு குடுத்தேன், திட்டு வாங்குனேன்.

ஊருக்குப்போறேன்

இவ்ளோ பாடு எதுக்கு பாஸ்? மீரட்ல புதுசு வாங்கிப் போட்டுட்டு போங்க. நாட்டுல பாதி பேண்டு செட் அதுலதான் ஓடுது.

பித்தளைப் பைத்தியம்

மீரட் ஜலி கோத்தி தெருவுல செய்றத நான் கொறை சொல்ல மாட்டேன், எங்க ஏரியா பசங்க முக்கால்வாசி பேரு அதுலதான் கத்துக்கிட்டாங்க, ரோட்டுல அடிபட்டாலும் கவலை இல்ல. ஆனா அவன் கேட்டது தாத்தா வாத்தியத்த. அங்க செய்ற யூஃபோனியம் பார்ட்ஸ் இதுல சேராது, இதோடது அதுல சேராது, அது வேற அளவு.

இதச் சொன்னதும் ஞாபகம் வருது தம்பி, உன்னுது நெசமாவே லண்டன் சாமானான்னும் பாத்துக்க. பேரு பொறிக்கிறதுக்கு காசு கம்மிதான், லண்டன்னு வெட்டி வச்ச கார்னெட் நெறைய பாத்திருக்கேன். காம்பென்சேட்டிங் சுருள் இருக்குன்னு சொல்றதால உன்னுது மேல எனக்கு சந்தேகம் கம்மி, அத நகல் பண்றது லேசுப்பட்ட வேலை இல்ல.

மழைநாட்டில இருந்து

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூட பேண்டில துவங்கி இப்ப இங்கிலாந்தில ஒரு பிராஸ் பேண்டில யூஃபோனியம்தான் வாசிக்கிறன், உங்கட இம்பீரியல் மாதிரி ஒண்டிலதான் கன காலம் வாசிச்சனான். ஒண்டு ரெண்டு விசயம் சொல்லலாம் எண்டு நினைக்கிறன்.

கம்பெனியிட்ட கேட்டு பிரயோசனம் இல்லை. பூசியும் ஹாக்ஸும் 1930ல ஒண்டாச் சேர்ந்தது, 1948ல பெஸ்ஸன் எண்ட இன்னொரு வாத்தியக் கம்பெனியையும் எடுத்தவை, பிறகு லண்டன் எட்ஜ்வெயரில இருந்த ஃபாக்டரியே மூடுப்பட்டுது, இப்ப பெஸ்ஸன் எண்ட பேர் பஃபே கிராம்போன் எண்ட பிரெஞ்சுக் கம்பெனியிட்ட இருக்கு. ஆனா ஒரு நல்ல விசயம், இம்பீரியலும் பெஸ்ஸன் நியூ ஸ்டாண்டர்டும் ஒரே ஃபாக்டரிச் சாமான், ஆனபடியா மூடி, வால்வுத் தண்டு, விரல் வைக்கிற பொத்தான் மாதிரிச் சின்னச் சாமானுக்கு அந்தப் பேரிலயும் தேடலாம். இஞ்ச ஏல சைட்டுகளில "ஸ்பேர்ஸ் ஓர் ரிப்பேர்" எண்டு போட்டு உடைஞ்சதை விப்பினம், பெல் நசிஞ்சு போன ஒண்டை வாங்கினா உள்ள இருக்கிற சாமான் முழுக்க கிடைக்கும். யூஃபோனியம் பாரம், தபால் செலவும் கஸ்டம்ஸும் சேர்ந்தா அழுகை வரும், அதையும் கணக்குப் பாருங்கோ.

மவுத்பீஸ் ஆடுறதுக்கு காரணம் வாத்தியம் பழசாப் போனது இல்லை. ஷாங்க் எண்டா மவுத்பீஸில வாத்தியத்துக்குள்ள சொருகிற தண்டு, உந்தப் பழைய பூசி யூஃபோனியத்துக்கு அது மீடியம் அளவு. இப்ப கடையில கிடைக்கிறது ஒண்டில் சின்ன ஷாங்க், இல்லாட்டி பெரிசு. சின்னனைப் போட்டா உள்ள ஆழமாப் போய் ஆடும், பெரிசு வாயிலயே நிக்கும். 1970களின்ர நடுப்பகுதியில சொவரின் மாடல் வந்த பிறகுதான் பெரிய ஷாங்க் வழமையா வந்தது. டெனிஸ் விக் மவுத்பீஸில நம்பருக்குப் பின்னால "எம்" எண்டு வந்தா மீடியம், அதைப் பாத்து வாங்குங்கோ. பேப்பர் சுத்த வேண்டாம், சுருதியும் குழம்பும்.

லேத்துக்காரன் கோவை

பெரிய ஷாங்க் மவுத்பீஸ் கையில இருந்தா அத வெளிப்பக்கம் லேத்துல டேப்பர் எறக்கியும் போடலாமுங்க, ரெண்டு தடவ செஞ்சிருக்கேன். வாத்தியத்தோட வாய்க்குழாய மட்டும் அறுக்கவோ அகட்டவோ வேண்டாம்.

பரண்சாமான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ஞாயித்துக்கிழமை முழுக்க இதோடயே போச்சு. நாலு பிஸ்டன்லயும் ஒரே மூணு எண் அடிச்சிருக்கு, கூட்டுல இருக்குற சீரியலோட கடைசி மூணும் அதேதான்! மை பூசி விட்டுப் பாத்தேன், 3வதுல அடியிலருந்து நடுவுக்கு கொஞ்சம் மேல வரைக்கும் ஒரு பக்கம் மட்டும் நகம் அகலத்துக்கு கோடா அழிஞ்சிருக்கு. அந்த கோடு மேல முடியுற எடத்துக்கு நேரா வெளிய பாத்தா 3வது வால்வோட சுருள் குழாய்க்கு ஒரு தாங்கல் குடுத்து பத்து வச்சிருக்கு, மத்ததெல்லாம் நைசா இருக்கு, இது மட்டும் கட்டி கட்டியா ஈயம் வழிஞ்சு கெடக்கு. அப்பாகிட்ட கேட்டா தாத்தா ஒரு தடவை இத சைக்கிள் கேரியர்ல கட்டிக்கிட்டு போறப்ப விழுந்து அந்த குழாய் பிஞ்சிருச்சு, அப்ப பாத்திரம் பத்த வைக்கிறவர்கிட்ட குடுத்து ஒட்டினதும்பாரு.

பித்தளைப் பைத்தியம்

கெடச்சிருச்சு! தம்பி, பிஸ்டனைத் தொடாத, கூட்டையும் யாரையும் தட்ட விடாத. அந்த பத்துதான் வில்லன். குழாய் சரியா ஒக்காராம இருந்திருக்கும், கையால அமுக்கிப் புடிச்சுக்கிட்டே ஈயம் வச்சிருப்பாரு, அன்னைலருந்து அந்த குழாய் கூட்டை இழுத்துக்கிட்டே நிக்குது. நாப்பது அம்பது மைக்ரான் (ஒரு எம்எம்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இழுத்தா போதும், வால்வு நிக்கும். அந்த தாங்கல மட்டும் சூடு காட்டி விடுவிச்சு, குழாய் தானா எங்க நிக்குதோ அங்க நிக்க விட்டு, இடைவெளிக்குத் தகுந்த மாதிரி தாங்கல வளைச்சு திரும்ப பத்து வைக்கணும். நெருப்பு வால்வு பக்கம் போகாம ஈரத்துணி சுத்தணும். பழகினவர் கையில குடு, நீ வீட்ல முயற்சி பண்ணாத.

பரண்சாமான்

இன்னொரு சந்தேகம், கீபோர்டோட வாசிச்சா ஒரேயடியா மேல நிக்குதுன்னு சொன்னேன்ல, அதுக்கும் ஏதாவது பார்ட் மாத்தணுமா? தாத்தா செட்ல எல்லாரும் ஒண்ணா வாசிக்கிறப்ப அப்படி ஒண்ணும் தெரியலையே.

மழைநாட்டில இருந்து

தாத்தாவின்ர செட்டில மற்ற வாத்தியங்களும் பழைய இங்கிலீஷ் சாமானா இருந்திருக்கும் தம்பி, எல்லாரும் சேர்ந்து மேல நிண்டா ஆருக்குத் தெரியப்போகுது! அது ஹை பிட்ச் வாத்தியம். இஞ்சத்தே பிராஸ் பேண்டுகளும் இரட்சணிய சேனை பேண்டுகளும் 1960கள் வரைக்கும் ஏ 452.5இலதான் வாசிச்சவை, உங்கட கீபோர்ட் 440. கிட்டத்தட்ட அரைச் சுருதியில பாதி வித்தியாசம். மாத்தின காலத்தில நீளமான ஸ்லைடுகளை, அதுதான் இழுத்து நீட்டுற குழாய்களை, செய்து போட்டுத்தான் கனபேர் பழைய வாத்தியத்தைத் தொடர்ந்து பாவிச்சவை, உங்கட தாத்தான்ர வாத்தியத்துக்கு ஆரும் அதைச் செய்யேல்லைப் போல.

கணக்கு இதுதான். பீ ஃபிளாட் யூஃபோனியம் குழாய் நீளம் 9 அடி, 2.8 சதவீதம் கூட வேணும், அப்ப ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். ஸ்லைடுக்கு ரெண்டு கால் இருக்கிறபடியா மெயின் ஸ்லைடை 4 சென்டிமீட்டர் வெளிய இழுத்தா காணும். அவ்வளவு இழுத்தும் கழண்டு விழாம நிண்டால் ஒண்டும் வாங்க வேண்டாம். வால்வு ஸ்லைடுகளையும் கொஞ்சம் இழுக்க வேணும், முதலாவது 5 மில்லிமீட்டர், ரெண்டாவது 2, மூண்டாவது 7 அளவில. மிச்சத்தை காதால பாருங்கோ.

பரண்சாமான்

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். திருநெல்வேலில ஒருத்தரைப் புடிச்சு தாங்கலை விடுவிச்சோம். நான் பக்கத்துலயே நின்னேன். சூடு காட்டி ஈயம் எளகினதும் "டிக்"னு ஒரு சத்தம், குழாய் ரெண்டு எம்எம் நகந்து நின்னுச்சு. ஆறினதும் அவரு 3வது பிஸ்டனை எடுத்து எண்ணெய் கூட விடாம மேலருந்து விட்டாரு, அது பாட்டுக்கு தன் கனத்துலயே வழுக்கிக்கிட்டு எறங்கிச்சு. அப்பா ஒண்ணும் பேசல, வெளிய போயி நின்னுட்டாரு.

அடி மூடி: 1வதோட மூடி 4வதுல முழுசா ஏறுச்சு, அதையே சாம்பிளா கோவைக்கு அனுப்பி கடைஞ்சு வாங்கியாச்சு, ஓட்டையோட. ஸ்பிரிங் நாலையும் தூக்கிப் போட்டுட்டு வெளி விட்டம், நீளம், சுத்து எண்ணி ஒரே மாதிரி ஸ்டெயின்லெஸ்ல நாலு வாங்கிட்டேன். விரல் பொத்தானுக்கு அடியில வைக்கிற கம்பளி வட்டு, அந்த ஃபெல்ட் மட்டும் எங்கயும் கிடைக்காம கடைசில ஆர்மோனியம் ரிப்பேர் பண்ற கடையில கிடைச்சுது. எச்சி வடியுற சாவிக்கு தக்கை பழைய மருந்து பாட்டில் கார்க்குலருந்து வெட்டினேன். மெயின் ஸ்லைடு 4 சென்டிமீட்டர் இழுத்தும் கெட்டியா நிக்குது, கீபோர்டோட ஒத்துப் போகுது.

மவுத்பீஸ் இன்னும் வரல, அதுவரைக்கும் பேப்பர்தான். ஒரே ஒரு கேள்வி பாக்கி: புது ஃபெல்ட் போட்டப்புறம் 2வது வால்வு அமுக்குறப்ப மட்டும் சத்தம் லேசா அடைச்ச மாதிரி வருது, ஃபெல்ட் தடிமனா இருக்குமா?

பித்தளைப் பைத்தியம்

அதான், வேற எதுவும் இல்ல. அமுக்கினா அடைக்குதுன்னா பிஸ்டன் முழுசா எறங்கல, ஓட்டை ஓட்டைக்கு நேரா வரல. 2வது ஸ்லைடைக் கழட்டிட்டு வால்வை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, குழாய்க்குள்ள டார்ச் அடிச்சு பல் டாக்டர் வச்சிருப்பாரே அந்த குட்டிக் கண்ணாடியால பாரு, பிறை நிலா மாதிரி ஓரம் தெரியும். ஃபெல்ட்டை பிளேடால மெல்லிசா சீவு, ஒரு தடவைக்கு அரை எம்எம்முக்கு மேல வேண்டாம், பிறை மறையிற வரைக்கும். அதிகமா சீவிட்டா திரும்ப ஆர்மோனியக் கடைக்குத்தான் போகணும்.